இரகசிய வருகையில் அம்மா கைவிடப்படுவாரா?

புதுச்சேரி நெல்லித்தோப்பில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, கடலூரில் ஒரு பெந்தெகொஸ்தே குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: "2025 செப்டம்பர் 23, 24இல் சபை எடுத்துக்கொள்ளப்படும் என்று வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை வீட்டில் எல்லாரும் பார்த்தோம். அந்தத் தேதி போய்விட்டது. ஆனாலும் தேதிதான் தப்பு, இரகசிய வருகை வாசலில் நிற்கிறது, மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் கைவிடப்படுவார்கள் என்று சபையில் சொல்கிறார்கள். அம்மாவின் பங்குச்சாமியார் இரகசிய வருகை என்று ஒன்றே கிடையாது என்கிறார். என் எட்டு வயதுப் பையன் ராத்திரி எழுந்து, நான் பக்கத்தில் படுத்திருக்கிறேனா என்று தடவிப் பார்க்கிறான். எது சரி?"

சகோதரி, பையனைப் பற்றிப் பிறகு வருகிறேன். முதலில் கேள்விக்கு நேரான பதில். இயேசு திரும்ப வருவார் என்பதில் உங்கள் மாமியார் வீட்டுச் சபைக்கும் உங்கள் அம்மாவின் பங்குக்கும் சண்டையே இல்லை. அந்த வருகை எல்லாரும் காண ஒரே தடவையா, இல்லை முதலில் விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகை, பிறகு பகிரங்க வருகை என்று இரண்டு கட்டமா என்பதில்தான் சண்டை. இரண்டு கட்டம் என்று நம்புகிறவர்களில் வேதத்தை உயிராக மதிக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. நான் அதை ஏற்கவில்லை; ஏன் என்று சொல்கிறேன். ஆனால் அவர்கள் சொல்வதே சரி என்று வைத்துக்கொண்டாலும், மாதா கோயிலுக்குப் போகிற காரணத்துக்காக ஒருவர் கைவிடப்படுவார் என்று சொல்ல ஒரு வசனமும் கிடையாது. உங்கள் அம்மா விஷயத்தில் இது முதலில் உங்கள் மனதில் பதிய வேண்டும்.

இந்த விவாதம் முழுக்கச் சுற்றுவது அப்போஸ்தலர் பவுலின் கடிதமான 1 தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரத்தைத்தான். பவுல் அதை எதற்காக எழுதினார் என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். கி.பி. 50 வாக்கில் கிரேக்க நாட்டுத் தெசலோனிக்கே பட்டணத்தில் ஒரு சபை உண்டாகிறது. எதிர்ப்பு கிளம்பி, பவுல் சீக்கிரத்திலேயே ஊரை விட்டுப் போக வேண்டியதாகிறது. இயேசுவின் வருகையை ஆவலோடு எதிர்பார்த்திருந்த அந்தப் புது விசுவாசிகளில் சிலர் இதற்குள் இறந்துபோகிறார்கள். மற்றவர்களுக்குத் தாங்க முடியாத கலக்கம். செத்துப்போனவர்களுக்கு வருகையில் பங்கில்லாமல் போய்விடுமோ, நாம் மட்டும் கர்த்தரைப் பார்ப்போமா, அவர்கள் கதி என்ன?

அதற்குத்தான் பவுல் பதில் எழுதுகிறார். கர்த்தர் இறங்கி வரும்போது கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள். "பின்பு, உயிரோடிருக்கும் நாமும் கர்த்தருக்கு எதிர்கொண்டுபோக, மேகங்கள்மேல் அவர்களோடேகூட ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டு, இவ்விதமாய் எப்பொழுதும் கர்த்தருடனேகூட இருப்போம்." அடுத்த வசனத்தில் முடிக்கிறார்: "ஆகையால், இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்." கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று புதுச்சேரி உப்பளம் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி நிற்கிறவர்கள் மனதில் இருக்கிற அதே கேள்விக்கு எழுதப்பட்ட பதில் இது. பிரிந்தவர்கள் ஒன்று சேர்வதைப் பற்றிய வசனம். இதைக் கையில் எடுத்து, உயிரோடிருக்கும் தாயையும் மகளையும் பிரித்துப் பேசுவது பவுலின் நோக்கத்துக்கு நேர் எதிரான காரியம். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

சரி, இரண்டு கட்டம் என்பது எப்படி வருகிறது? அந்தப் போதனையின்படி, முதலில் இயேசு ஆகாயம் வரை மட்டும் வருவார். உண்மை விசுவாசிகள் மறைந்துபோவார்கள். உலகம் திகைத்து நிற்கும். இதுதான் இரகசிய வருகை. அதன் பிறகு பூமியில் ஏழு வருஷம் உபத்திரவ காலம், கிறிஸ்துவுக்கு எதிராக எழும்பும் அந்திக்கிறிஸ்துவின் ஆட்சி. ஏழு வருஷ முடிவில் இயேசு எல்லார் கண்ணும் காண வருவார். இது பகிரங்க வருகை. அப்புறம் பூமியில் அவருடைய ஆயிர வருஷ அரசாட்சி. ஏழு வருஷக் கணக்கு தானியேல் 9ஆம் அதிகாரத்து எழுபது வாரங்களிலிருந்து எடுக்கப்படுகிறது: ஒரு வாரத்துக்கு ஏழு வருஷம், 69 வாரம் முடிந்துவிட்டது, சபையின் காலம் நடுவில் நிற்கிறது, கடைசி வாரம் இனிமேல் வரும். சிலர் உபத்திரவத்தின் நடுவில் எடுத்துக்கொள்ளப்படும் என்பார்கள், சிலர் கடைசியில் என்பார்கள். கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் பெந்தெகொஸ்தே சபைகளில் நீங்கள் கேட்பது பெரும்பாலும் உபத்திரவத்துக்கு முன் என்பதுதான்.

அவர்கள் பக்கத்து வாதங்களை இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. 1 தெசலோனிக்கேயர் 5:9 தேவன் நம்மைக் கோபாக்கினைக்கென்று நியமிக்கவில்லை என்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் 3:10இல் பூச்சக்கரத்தின் மேலெங்கும் வரப்போகிற சோதனைகாலத்துக்குத் தப்பும்படி காப்பேன் என்று பிலதெல்பியா சபைக்கு வாக்கு இருக்கிறது. அதே புஸ்தகத்தில் முதல் மூன்று அதிகாரங்களில் திரும்பத் திரும்ப வரும் சபைகள், நாலாம் அதிகாரத்திலிருந்து நடக்கும் உபத்திரவக் காட்சிகளில் காணவில்லை. தவிர, எந்த நிமிஷமும் வரலாம் என்று விழித்திருக்கச் சொல்லிவிட்டு, முன்னால் ஏழு வருஷ அடையாளங்களை வைத்தால் அது எந்த நிமிஷமும் ஆகுமா என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி அது.

ஆனாலும் எனக்கு அது நிற்கவில்லை. முக்கியமான காரணம், இரகசியம் என்பதற்கு அந்த வசனத்திலேயே இடமில்லாததுதான். ஆரவாரம், பிரதான தூதனுடைய சத்தம், தேவ எக்காளம் என்று பவுல் அடுக்குகிறார். வேதம் முழுவதிலும் இவ்வளவு சத்தமான வசனம் குறைவு. "திருடனைப்போல" என்று இருக்கிறதே என்பார்கள். எதிர்பாராத நேரத்தில் வருவதைத்தான் அது சொல்கிறது. 2 பேதுரு 3:10இலும் கர்த்தருடைய நாள் திருடன் வருகிறவிதமாய் வரும் என்றுதான் இருக்கிறது. அதே மூச்சில் வானங்கள் மடமடவென்று அகன்றுபோம் என்றும் இருக்கிறது. அதை யாரும் இரகசியம் என்று சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது, எதிர்கொண்டுபோவது. அந்தக் காலத்தில் ஒரு பெரிய மனிதர் பட்டணத்துக்கு வந்தால் ஜனங்கள் எல்லைக்கு வெளியே போய் அவரை வரவேற்று, கூடவே ஊருக்குள் திரும்புவார்கள். நம் ஊரில் பேராயர் பங்குக்கு வரும்போது தெருமுனைக்கே மேளத்தோடு போய் அழைத்துவருகிற மாதிரி. அப்போஸ்தலர் 28இல் ரோமாபுரி விசுவாசிகள் பவுலுக்கு எதிர்கொண்டு வந்ததும் அப்படித்தான். சந்தித்த இடத்திலிருந்து அவரை வேறெங்கும் கொண்டுபோகவில்லை, ரோமாபுரிக்கே சேர்ந்து வந்தார்கள். வருகிறவர் தம் பயணத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, எதிர்கொண்டவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனார் என்று படிப்பதற்கு அந்த வசனத்தில் ஒன்றுமில்லை.

மத்தேயு 24இல் இயேசு தாமே வரிசை சொல்கிறார். உபத்திரவம் முடிந்தவுடனே சூரியன் இருளும், மனுஷகுமாரன் வருவார், வலுவாய்த் தொனிக்கும் எக்காள சத்தத்தோடே தூதர்கள் தெரிந்துகொள்ளப்பட்டவர்களைக் கூட்டிச் சேர்ப்பார்கள். எக்காளம், மேகம், கூட்டிச்சேர்த்தல் எல்லாம் பவுல் சொன்னவையே. ஆனால் உபத்திரவத்துக்குப் பின். இந்தப் பகுதி யூதர்களுக்கு மட்டும், சபைக்கு அல்ல என்று சிலர் பதில் சொல்வார்கள். சீஷர்களிடம் பேசியதை இப்படிப் பங்கு போட எனக்கு மனம் வரவில்லை. அதே அதிகாரத்தில்தான் உங்கள் சபையில் அடிக்கடி கேட்டிருப்பீர்களே, வயலில் இரண்டு பேர் இருப்பார்கள், ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான் என்ற வசனம் வருகிறது. அதற்கு ஒரு வசனம் முன்னால் பாருங்கள்: நோவாவின் காலத்தில் ஜலப்பிரளயம் வந்து அனைவரையும் வாரிக்கொண்டுபோனது. அங்கே வாரிக்கொண்டுபோகப்பட்டவர்கள் அழிந்தவர்கள், விடப்பட்டவர் நோவா. அறிஞர்கள் இதை இரண்டு விதமாகவும் படிக்கிறார்கள். இவ்வளவு சிக்கல் உள்ள ஒரு வசனத்தை வைத்து ஒரு தாயின் நித்தியத்தைத் தீர்மானிக்க யாருக்கும் உரிமையில்லை.

வரலாற்றையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐரேனியு போன்ற ஆதித் திருச்சபைப் பிதாக்கள் சிலர் ஆயிர வருஷ ஆட்சியை அப்படியே நம்பினார்கள். ஆனால் அந்திக்கிறிஸ்து சபையைத் துன்புறுத்துவான், பிறகுதான் கர்த்தர் வருவார் என்றே எழுதினார்கள். அகுஸ்தீன், ஆயிர வருஷம் என்பது இப்போது நடக்கும் திருச்சபையின் காலம் என்று விளக்கினார். கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் பெரும்பாலும் அவர் வழியில் வந்தவை. லுத்தரன் சபைகளின் விசுவாச அறிக்கையான 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை 17ஆம் பிரிவில் உலக முடிவில் கிறிஸ்து தோன்றி நியாயந்தீர்ப்பார் என்று ஒரே வருகையைத்தான் சொல்கிறது. லுத்தரன் மிஷனரி கீர்நாண்டர் 1740இல் மிஷன் பணிக்கு வந்த ஊர் கடலூர். ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையிடமும் இங்கேதான். ஆக, உங்கள் சபைக்குப் பக்கத்துத் தெருவிலேயே வேதத்தை மதிக்கிற புராட்டஸ்டண்டுகள் இரகசிய வருகையைப் போதிக்காமல் இருக்கிறார்கள். இது கத்தோலிக்கருக்கும் மற்றவர்களுக்கும் நடக்கும் சண்டை என்று யாராவது சொன்னால் அது சரியில்லை.

உபத்திரவத்துக்கு முன் இரகசிய வருகை என்பதை ஒரு முழுத் திட்டமாக வகுத்துப் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி. அயர்லாந்துத் திருச்சபையில் குருவாக இருந்து விலகி, பிரதரன் என்ற புராட்டஸ்டண்டு இயக்கத்தில் தலைவராக இருந்தவர். 1830களில் இது உருவாகிறது. 1909இல் அமெரிக்காவில் வெளியான ஸ்கோஃபீல்டு வேதாகமம் அந்தத் திட்டத்தை வசனங்களுக்குக் கீழேயே குறிப்புகளாக அச்சிட்டது. மேலே இருப்பது வசனம், கீழே இருப்பது ஒருவருடைய விளக்கம் என்ற வித்தியாசம் பலருக்கு மறந்துபோனது. தமிழ்நாட்டுக்கும் பிரதரன் தொடர்பு பழையது: 1833இல் இந்தியா வந்த அந்தோனி நாரிஸ் குரோவ்ஸும், அவரோடு பழகிய ஜான் கிறிஸ்தியன் அருளப்பனும், 1860இல் திருநெல்வேலிச் சீமையில் நடந்த எழுப்புதலும் நம் சரித்திரத்தின் பகுதி. பெந்தெகொஸ்தே இயக்கம் 20ஆம் நூற்றாண்டில் வந்தபோது டார்பியின் கால அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டது. இதில் கவனிக்க வேண்டியது, டார்பி வழிப் போதகர்கள், பெந்தெகொஸ்தே சபைகள் உயிராக மதிக்கும் அந்நியபாஷை வரம் (ஆவியால் தெரியாத மொழியில் பேசுவது) அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்தது என்றவர்கள். பெந்தெகொஸ்தேக்காரர்கள் அந்தப் பாதியைத் தள்ளிவிட்டு இந்தப் பாதியை வைத்துக்கொண்டார்கள் என்றால், அட்டவணையையும் சோதித்துப் பார்க்கலாம் என்றுதானே அர்த்தம்?

ஒன்று சொல்லிவிடுகிறேன். 200 வருஷப் போதனைதானே, ஆகவே பொய் என்று வாதாடாதீர்கள். லுத்தரிடம் ரோமாபுரியும் கிட்டத்தட்ட அப்படித்தான் கேட்டது. வயதை வைத்து ஒரு போதனையைத் தள்ள முடியாது. வசனத்தை வைத்துத்தான் பேச வேண்டும்.

தேதிக் கணக்கைப் பற்றி நான் அதிகம் எழுத வேண்டியதில்லை, ஆனால் அதனால் பட்ட காயங்களைச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22க்குக் காத்திருந்து உடைந்துபோனார்கள். இஸ்ரவேல் தேசம் உருவான 1948ஓடு ஒரு தலைமுறைக்கு 40 வருஷம் என்று கூட்டி 1988 என்றார் ஓர் அமெரிக்கர். தென்கொரியாவில் 1992 அக்டோபர் 28 நள்ளிரவுக்காக வேலையையும் சொத்தையும் விட்டவர்கள் உண்டு. அதைப் பிரசங்கித்த தலைவர், 1993இல் முதிர்வடையும் பத்திரங்களில் பணம் போட்டிருந்தது தெரிந்து சிறைக்குப் போனார். அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21 என்றார், பிறகு அக்டோபர் 21 என்றார், அடுத்த வருஷம் தாம் செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டார். நீங்கள் பார்த்த வீடியோவின் தேதி தென்னாப்பிரிக்கர் ஒருவர் தரிசனத்தில் கேட்டதாகச் சொன்னது. யூதப் புத்தாண்டோடு ஒத்துப்போனதால் உலகமெல்லாம் பரவியது. "அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர்தவிர மற்றொருவனும் அறியான்" என்று மத்தேயு 24:36இல் இருக்கும்போது, எந்தத் தரிசனமும் அதற்கு மேலே போக முடியாது.

கடலூர்க்காரர்களுக்கு அடையாளங்கள் என்ற பேச்சு வேறு விதத்தில் உறைக்கும். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் அலை என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30 பெஞ்சல் புயல் என்று அடுத்தடுத்து வந்தன. ஒவ்வொரு தடவையும் லூக்கா 21:25, "சமுத்திரமும் அலைகளும் முழக்கமாயிருக்கும்" என்ற வசனம் பிரசங்கிக்கப்பட்டது. துக்கத்தில் இருக்கிற குப்பத்து மக்களிடம் இதைத் தீர்ப்பின் அடையாளம் என்று பேசியதைக் கேட்டவர்கள் இன்னும் மறக்கவில்லை. இயேசு இதே மாதிரிக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்றார். யுத்தம், பஞ்சம், பூமியதிர்ச்சி இவற்றைச் சொல்லும்போதும் கலங்காதிருங்கள், முடிவு உடனே வராது என்றுதான் சொன்னார். அடையாளங்களைப் பட்டியல் போடுகிறவர்கள் இந்த வரியை அநேகமாகப் படிப்பதில்லை.

ஆதார் அட்டை, தடுப்பூசி, பார்கோடு எல்லாம் 666 முத்திரை என்று வரும் செய்திகளுக்கு நேரம் செலவிடாதீர்கள். வெளிப்படுத்தின விசேஷம் 13இல் அந்த முத்திரை மிருகத்தை வணங்குவதோடு சேர்ந்தது. அடையாள அட்டை வாங்குகிற யாரும் யாரையும் வணங்குவதில்லை.

இனி உங்கள் அம்மா. மாதா கோயிலில் வருகையைப் பற்றிப் பேசுவதே இல்லை என்று சபையில் சொன்னால், அது தெரியாமல் சொல்வது. ஒவ்வொரு திருப்பலியிலும் ஆண்டவர் வருமளவும் அவருடைய இறப்பை அறிவிக்கிறோம் என்று மக்கள் சேர்ந்து சொல்கிறார்கள். விசுவாச அறிக்கையில் வாழ்வோருக்கும் இறந்தோருக்கும் தீர்ப்பு வழங்க அவர் மீண்டும் வருவார் என்பது இருக்கிறது. திருவருகைக்கால முதல் ஞாயிறுக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, வயலில் இருவர் பற்றிய அதே மத்தேயு 24தான் நற்செய்தி வாசகம்; 2025 நவம்பர் 30 அன்று உலகத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் வாசித்தார்கள். கத்தோலிக்க மறைக்கல்வி 675ஆம் எண்ணில், ஆண்டவர் வருமுன் திருச்சபை ஒரு கடைசிச் சோதனையைக் கடந்தே ஆக வேண்டும் என்கிறது. எனவே பங்குச்சாமியார் மறுப்பது உபத்திரவத்துக்கு முன் நழுவிப்போகும் ஒரு தனி வருகையைத்தான். மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவது, புனிதர்களிடம் வேண்டுவது பற்றி உங்கள் மாமியார் வீட்டாருக்கு ஆட்சேபம் இருக்கலாம். அது 500 வருஷ விவாதம், தனியாகப் பேசட்டும். அதையும் இதையும் ஒன்றாகக் கட்டக் கூடாது.

பையன் விஷயம். எழுந்து பார்க்கும்போது வீட்டில் யாரும் இல்லையென்றால் எல்லாரும் எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டார்கள், நான் மட்டும் விடப்பட்டேன் என்று நடுங்கிய பிள்ளைகள் எல்லா நாட்டிலும் உண்டு. பெரியவர்களாகியும் அது போகாதவர்கள் இருக்கிறார்கள். அவனிடம் அட்டவணை எதையும் விளக்க வேண்டாம். "இயேசு வரும்போது உன்னை விட்டுவிட்டு அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு போக மாட்டார்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்னவர் அவர். ஆகவே இது பயம் தெளிய வைப்பதற்காகச் சொல்லும் சமாதானம் இல்லை, நற்செய்தியிலேயே இருப்பதுதான். அந்த மாதிரி வீடியோக்களை அவன் இருக்கும்போது போட வேண்டாம் என்று கணவரிடம் கண்டிப்பாகக் கேளுங்கள். ஞாயிறு பள்ளியில் கைவிடப்பட்டவர்களுக்கு நடப்பதை நடித்துக் காட்டுகிறார்கள் என்றால், அன்றைக்கு அவனை அனுப்ப வேண்டாம். பல வாரம் ஆகியும் பயம் போகவில்லை, தூக்கம் கெடுகிறது என்றால் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை.

சபையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே ஜெபமும் உறவும் உங்களுக்கு உண்மையாக இருக்கலாம். போதகரிடம் தனியாக, கணவரையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். கைவிடப்படுவார்கள் என்ற பேச்சு உங்கள் சபையின் எழுதப்பட்ட விசுவாச அறிக்கையில் எங்கே இருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரிய பெந்தெகொஸ்தே அமைப்பான அசெம்பிளீஸ் ஆஃப் காட் அறிக்கையில், கிறிஸ்துவுக்குள் நித்திரையடைந்தவர்களும் உயிரோடிருப்பவர்களும் சேர்ந்து எடுத்துக்கொள்ளப்படுவது சபையின் நம்பிக்கை என்று இருக்கிறது. கத்தோலிக்கர் என்ற பேச்சே அதில் இல்லை. வருகை சமீபம், ஆகவே வேலையை விடு, நகையை விற்றுக் காணிக்கை போடு என்று யாராவது சொன்னால் 2 தெசலோனிக்கேயர் 3ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். அதே தெசலோனிக்கே ஊரில் வருகையைக் காரணம் காட்டி வேலை செய்யாமல் சுற்றியவர்கள் இருந்ததாகப் பலர் கருதுகிறார்கள்; உங்கள் சாப்பாட்டை நீங்கள் உழைத்துச் சாப்பிடுங்கள் என்று பவுல் எழுதுகிறார்.

போதகர் தானியேல் 9இன் எழுபது வாரங்களிலிருந்து பேச ஆரம்பித்தால் அங்கேயே பதில் சொல்ல முயல வேண்டாம். 69ஆம் வாரத்துக்கும் 70ஆம் வாரத்துக்கும் நடுவில் இரண்டாயிரம் வருஷ இடைவெளி எந்த வசனத்தில் இருக்கிறது என்று மட்டும் கேட்டு, அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அதை இங்கே எழுதினால், அந்தப் பகுதியைத் தனியாக விளக்குகிறேன். ஒரு பத்தியில் அடங்குகிற விஷயம் அது இல்லை.